காசு சேர்த்துப் பாங்கு கண்ட சமூகம்

உலகத்தில் ஒரு சமூகம் தாழ்வுறுதற்குக் காரணங்கள் பல. கல்வியின்மை ஒன்று, ஒற்றுமையின்மை மற்றொன்று. இவ்விரண்டையுங் குறித்து நம் சங்கக் கூட்டங்களிலும் இவ்வெளியீட்டிலும் பெரியோர்கள் பலகாலும் பேசியும் எழுதியும் வந்திருக்கின்றனர். மூன்றாவதொரு காரணமும் உண்டு. அதனை நாம் போதிய அளவு ஆராய்ந்தோமில்லை. அஃதாவது, உழைத்துச் சேர்த்த பொருளைப் பத்திரமாக வைத்தற்கு இடமும், தொழில் தொடங்குதற்கு நேர்மையான வட்டியிற் கடன் பெறுதற்கு வழியும் இல்லாமையே. உழைப்பு இருந்தும் முதல் இல்லாதவன் பிறனுக்கு உழைப்பவனாகவே முடிகின்றான். அவன் மகனும் அவ்வழியே செல்கின்றான்.

இவ்விஷயத்தில் நமக்கு நல்லறிவு புகட்டத்தக்க சரித்திரம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நிகழ்ந்துள்ளது. அடிமைத்தளையினின்றும் நீங்கிய கருப்பின மக்கள் ஒரு சங்கத்தின் மூலமாகக் காசு காசாகச் சேர்த்துத் தங்களுக்கென ஒரு பாங்கு கண்ட வரலாறே அது. அதிற் கொள்ளத்தக்கனவும் உண்டு. அஞ்சி விலக்கத்தக்கனவும் உண்டு. ஆதலின் இரண்டையும் இங்கே மறையாது எடுத்துரைப்போம்.

பாங்கு என்பது யாது?

பலருடைய கையிற் சிதறிக் கிடக்கும் சிறு தொகைகளை ஓரிடத்திற் சேர்த்து, அவற்றுக்கு வட்டி கொடுத்து, சேர்ந்த தொகையை முதல் வேண்டுவோர்க்குச் சற்று மிகுந்த வட்டிக்குக் கொடுப்பது பாங்கு. ஒருவன் பானையில் இட்டுப் புதைத்த பத்து ரூபாய் என்றும் பத்து ரூபாயே. ஆயிரம் பேருடைய பத்து ரூபாய் ஒன்று சேர்ந்தால் பதினாயிரமாகி, ஒருவருக்குத் தறியும், ஒருவருக்குக் கடைச்சரக்கும், ஒருவருக்குக் கிணறும் ஆகும்.

ஆயின் இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. பணம் போடுவோர் ஒரு சாரார், கடன் பெறுவோர் வேறொரு சாரார் என்று ஆகிவிட்டால், ஏழைச் சமூகத்தாரின் சேமிப்பு அவர்களை விட்டு நீங்கிப் பிறருடைய தொழிலுக்கே உரமாகும். ஆகவே, ஒரு பாங்கு ஏழைச் சமூகத்துக்கு உதவியதா என்பதை அறியவேண்டின், எத்தனை பேர் பணம் போட்டனர் என்று மட்டும் கேட்டல் போதாது. அப்பணம் யாருக்குக் கடனாகச் சென்றது என்றும் கேட்டல் வேண்டும். கீழ்வரும் சரித்திரம் முழுவதும் இவ்விரண்டாங் கேள்வியையே சுற்றி நிற்பதைக் காணலாம்.

முதற் பாங்கும் அதன் வீழ்ச்சியும்

1865ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது. ஏறக்குறைய நாற்பது இலட்சம் அடிமைகள் விடுதலை பெற்றனர். விடுதலை வந்ததேயன்றி நிலம் வரவில்லை. பெரும்பாலோர் பழைய எஜமானரின் நிலத்தையே வாரத்துக்கு உழுதனர். விதைக்கும் உணவுக்கும் ஊர்க் கடைக்காரரிடம் வருகின்ற விளைச்சலை ஈடாக வைத்துக் கடன் பட்டனர். அறுவடையானதும் கடைக்காரர் கணக்குப் பார்ப்பார். பருத்தி முழுவதும் கடனுக்குப் போகும். மேலும் ஒரு பாக்கி நிற்கும். நம் நாட்டுக் குடியானவர்களுக்கு இக்கதையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அவ்வாண்டு மார்ச்சு மாதம் 3ஆம் தேதி, விடுதலை பெற்றோர்க்கெனச் சேமிப்புப் பாங்கு ஒன்றை ஏற்படுத்தும் சட்டத்தில் ஜனாதிபதி ஆபிரகாம் லிங்கன் கையொப்பமிட்டார். ஐந்து சென்டு போன்ற சிறு தொகையையும் அப்பாங்கு ஏற்றுக்கொண்டது. போர் வீரர்கள் தங்கள் சம்பளத்தையும், சலவைத் தொழில் செய்த பெண்கள் தங்கள் கூலியையும், தேவாலயத்தார் தங்கள் காணிக்கையையும் அதிற் கொண்டு போட்டனர். கணக்குப் புத்தகத்தில் லிங்கனுடைய உருவமும் நாட்டுக் கொடியும் அச்சிடப்பட்டிருந்தன. அவற்றைக் கண்ட எளிய மக்கள், அரசாங்கமே இதற்குப் பிணை என்று நம்பினர். உண்மையில் அரசாங்கம் யாதொரு பிணையும் கொடுக்கவில்லை.

தொடக்கத்தில் அப்பாங்கின் பணம் பெரும்பாலும் அரசாங்கக் கடன் பத்திரங்களில் இடப்பட்டது. 1870இல் சட்டம் திருத்தப்பட்டு, நிலத்தையும் கட்டடத்தையும் ஈடாகக் கொண்டு கடன் கொடுக்க அனுமதி பிறந்தது. பாங்கின் நிதிக் குழுவில் அமர்ந்திருந்த செல்வர்கள் தங்களுக்கு வேண்டியவர்க்கும் தாங்கள் தொடர்புற்ற கம்பெனிகளுக்கும் தக்க ஈடின்றிப் பணத்தை வழங்கினர். வாஷிங்டன் நகரில் அரசாங்கக் கருவூலத்துக்கு எதிரே பெரும் பொருட்செலவில் மாளிகை ஒன்றும் எழுந்தது. பருத்திக் காட்டில் உழைத்தவனுடைய சேமிப்பு அவனுக்கு ஒரு கலப்பை வாங்கவும் கடனாகத் திரும்பவில்லை. தலைநகரத்து ஊகவணிகர் கையிற் புகுந்தது.

1873இல் அந்நாட்டில் பெரும் பொருளாதார நெருக்கடி உண்டாயிற்று. 1874 மார்ச்சில், கருப்பின மக்களின் பெருந்தலைவராகிய பிரெடரிக் டக்ளஸ் அவர்களைப் பாங்கின் தலைவராக அமர்த்தினர். அவர் தம் சொந்தப் பணத்தில் பதினாயிரம் டாலரை அதில் இட்டு, மக்களின் நம்பிக்கையைக் காக்க முயன்றார். உள்ளே புகுந்து கணக்கைப் பார்த்த பின்னரே, அது முன்னரே உயிர் போன உடல் என்பதை உணர்ந்தார். அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் பாங்கு மூடப்பட்டது. அப்போது அதிற் பணம் போட்டிருந்தோர் 61,144 பேர். அவர்களுக்குக் கொடுபட வேண்டியது ஏறக்குறைய முப்பது இலட்சம் டாலர். பல ஆண்டுகள் கழித்து அவர்களுட் பாதிப் பேருக்கு ஐந்தில் மூன்று பங்கு கிடைத்தது; மற்றையோர்க்கு ஒன்றுங் கிடைக்கவில்லை.

பணம் போனது ஒரு நஷ்டம். பாங்கு என்னும் சொல்லின்மேல் இருந்த நம்பிக்கை போனது அதனினும் பெரிய நஷ்டம். அதன் பின்னர் நெடுங்காலம் பலர் தங்கள் பணத்தைப் படுக்கையின் அடியிலும் சுவரின் இடுக்கிலும் வைத்துக் காத்தனர்.

சங்கங்கள் எடுத்த முயற்சி

இத்தகைய நிலையில் மீண்டும் நம்பிக்கையை விதைத்தவை கருப்பின மக்களின் பரஸ்பர உதவிச் சங்கங்களாம். மாதந்தோறும் சில சென்டு சந்தா கொடுத்தால், நோயுற்றபோது உதவியும், இறந்தபோது அடக்கச் செலவும் கிடைக்கும். கணவனை இழந்தவளுக்கு ஒரு தொகை வரும். நம் நாட்டில் குல மகிமையும் ஊர்ப் பொதுநிதியும் செய்து வந்த தொண்டு போன்றதே அது.

வர்ஜீனியா மாநிலத்து ரிச்மண்டு நகரில் இத்தகைய சங்கங்கள் பல இருந்தன. அவற்றுள் ஒன்று உண்மைச் சீர்திருத்தக்காரர் சங்கம். அதனை நடத்திய வில்லியம் வாஷிங்டன் பிரௌன் என்பார் அடிமையாய்ப் பிறந்தவர். அச்சங்கத்தின் நாட்டுப்புறக் கிளையொன்று தன் நிதியை வெள்ளை வணிகர் ஒருவரிடம் காப்புக்கு வைத்திருந்தது. இம்மக்கள் இவ்வளவு பணம் சேர்ப்பதைக் கண்ட வெள்ளையர் பொறாமையும் ஐயமும் கொண்டு கிளையைக் குலைக்க முற்பட்டனர். இதனை அறிந்த பிரௌன், நம் பணத்தைப் பிறர் பெட்டியில் வைப்பதனாலன்றோ இத்தொல்லை என்று கருதி, 1888இல் பாங்குக்குப் பட்டயம் பெற்றார். 1889இல் அது திறக்கப்பட்டது. அது கருப்பின மக்களே பட்டயம் பெற்று நடத்திய முதற் பாங்குகளுள் ஒன்று.

மேகி லீனா வாக்கர் அம்மையார்

அதே நகரில் 1864இல் பிறந்தவர் மேகி லீனா வாக்கர் அம்மையார். இவருடைய தாயார் முன்னர் அடிமையாய் இருந்தவர். கணவர் இறந்த பின்னர் பிறர் துணிகளை வெளுத்துப் பிழைத்தார். வெளுத்த துணிகளைச் சுமந்து வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பது சிறுமி மேகியின் வேலை. பள்ளிப் படிப்பை முடித்து மூன்று ஆண்டு ஆசிரியையாய் இருந்தார். மணமான பெண்கள் ஆசிரியத் தொழிலில் நீடித்தல் அக்கால வழக்கமன்று. ஆதலின் 1886இல் மணம் நிகழ்ந்ததும் அவ்வேலையை விட்டார்.

பதினான்கு வயது தொட்டு அவர் புனித லூக்கா சங்கத்தில் உறுப்பினர். அச்சங்கம் 1867இல் பால்டிமோர் நகரில் மேரி பிரௌட் என்னும் அம்மையாரால் தோற்றுவிக்கப்பட்டது. 1899இல் வாக்கர் அம்மையார் அதன் தலைமைக் காரியதரிசியாகப் பொறுப்பேற்றபோது, கையிருப்பு 31 டாலரும் 61 சென்டும். கொடுபட வேண்டிய கடனோ 400 டாலர். உறுப்பினர் ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோரே. பலரும் இச்சங்கம் மூடப்படும் என்றே எண்ணினர்.

1901ஆம் ஆண்டுக் கூட்டத்தில் அம்மையார் மூன்று காரியங்களை உறுப்பினர் முன் வைத்தார். நமக்கென ஒரு பத்திரிகை வேண்டும். ஒரு பாங்கு வேண்டும். ஒரு கடை வேண்டும் என்பனவே அவை. நம் காசுகளை ஒன்றுகூட்டி, நமக்குள்ளேயே கடனாக வழங்கி, அதன் பயனை நாமே அடைவோம் என்பது அவ்வுரையின் கருத்து. சொல்லியதோடு நிற்கவில்லை. 1902இல் பத்திரிகை வந்தது. பாங்கு நடத்துந் தொழிலைக் கற்றுக்கொள்ளும் பொருட்டு, நகரத்து வெள்ளையர் பாங்கு ஒன்றுக்குச் சென்று அதன் நடைமுறைகளைக் கவனித்துப் பயின்றார். நாற்பது வயதை நெருங்கிய ஒரு மாது, நிற வேற்றுமை தலைவிரித்தாடிய அந்நகரில், பிறர் பாங்கில் அமர்ந்து பேரேடு கற்றதை நம் இளைஞர்கள் சிந்தித்தல் நன்று.

1903 நவம்பர் 2ஆம் தேதி, புனித லூக்கா காசுச் சேமிப்புப் பாங்கு திறக்கப்பட்டது. ஐக்கிய நாடுகளில் ஒரு பாங்குக்குப் பட்டயம் பெற்றுத் தலைமை தாங்கிய முதற் கருப்பினப் பெண்மணி இவரே. முதல் நாளன்று ஏறக்குறைய 280 பேர் வந்து ஒன்பதினாயிரம் டாலருக்கு மேற்பட்ட தொகையைச் செலுத்தினர். ஒருவர் 31 சென்டு கொண்டுவந்து கணக்குத் தொடங்கினார். அத்தொகையையும் பாங்கு மகிழ்ந்து ஏற்றது.

பாங்கு செய்த வேலை

இப்பாங்கு பிற பாங்குகளினின்றும் எவ்வாறு வேறுபட்டது என்பதை நோக்குவோம்.

முதலாவது, சிறு தொகையை அது அவமதிக்கவில்லை. பெரிய பாங்குகளுக்குச் சிறு கணக்கு என்பது வேலை மிகுதியும் இலாபம் குறைவுமான ஒன்று. ஒரு டாலர் போடுவோர்க்கும் ஆயிரம் டாலர் போடுவோர்க்கும் பேரேட்டில் எழுதும் வேலை ஒன்றேயன்றோ? இச்செலவைக் குறைத்தது சங்கத்தின் அமைப்பு. ஊர்தோறும் கிளை இருந்தது. உறுப்பினர் ஒருவரையொருவர் அறிந்திருந்தனர். சந்தாவை வாங்கும் வழியும் முன்னரே ஏற்பட்டிருந்தது. குழந்தைகளுக்குச் சிறு அட்டைப் பெட்டிகள் கொடுக்கப்பட்டன. நூறு காசு சேர்ந்ததும் குழந்தை தன் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம்.

இரண்டாவது, கடன் பெறுவோரின் குணத்தை அது அறிந்திருந்தது. வெள்ளையர் பாங்கில் ஒரு கருப்பினத் தொழிலாளி சென்று கேட்டால், அவனிடம் காட்டத்தக்க ஈடு இல்லை. அவனை அறிந்தவரும் அங்கே இல்லை. இங்கோ, அவன் பல ஆண்டுகளாகத் தவறாது சந்தா கட்டியதே அவனுக்கு நற்சான்று. கால் ஒன்றிழந்த காலணி துடைக்கும் சிறுவன் ஒருவனைப் பற்றி அம்மையார் சொல்வதுண்டு. தோளிற் கயிற்றால் தொங்கவிட்ட பெட்டியோடு திரிந்த அவன் சிறிது சிறிதாகச் சேமித்தான். பாங்கின் உதவியால் சிறு இடமொன்றை வாடகைக்குப் பிடித்து நாற்காலிகள் இட்டுத் தொழில் நடத்தினான். பின்னர்ச் சொந்த வீடும் வாங்கினான்.

மூன்றாவது, வீட்டுக் கடனுக்கு அது முதன்மை கொடுத்தது. 1920ஆம் ஆண்டளவில் அப்பாங்கின் உதவியால் 600க்கு மேற்பட்ட வீடுகள் கருப்பினக் குடும்பங்களுக்குச் சொந்தமாயின என்று கணக்கிடப்படுகின்றது. வாடகை என்று போகும் பணம் தவணையாகி, முடிவில் ஒரு சொத்தாக நிற்கின்றது. அச்சொத்தே நாளை மகனுடைய படிப்புக்கும் தொழிலுக்கும் ஈடாகின்றது. ஒரு சமூகத்தின் செல்வம் தலைமுறையாக ஏறுவது இவ்வாறே.

நான்காவது, பெண்களுக்கு வேலையும் பொறுப்பும் கிடைத்தன. வீட்டு வேலையும் சலவையும் புகையிலைத் தொழிற்சாலையும் தவிர வேறு வழியற்றிருந்த பெண்கள், எழுத்தராகவும் கணக்கராகவும் நிர்வாகக் குழுவினராகவும் அமர்ந்தனர். 1920களில் அச்சங்கம் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்களிற் பரவியிருந்தது.

கடையின் கதை

மூன்று காரியங்களுள் பத்திரிகையும் பாங்கும் நிலைத்தன, கடை நிலைக்கவில்லை. 1905இல் ரிச்மண்டு நகரத்துப் பெரிய வீதியில் அச்சங்கம் ஒரு பல்பொருள் அங்காடி திறந்தது. வெள்ளை வணிகர்கள் ஒன்று கூடி, அக்கடைக்குச் சரக்கு கொடுக்கலாகாது என்று மொத்த வியாபாரிகளை நெருக்கினர். அஃதன்றி, தம் இனத்தாரே அக்கடையைத் தாண்டிச் சென்று பிறர் கடையில் வாங்கினர். இதனை அம்மையார் மேடையிலேயே கூறி வருந்தினார். ஏழு ஆண்டுகளுக்குள் கடை மூடப்பட்டது. கடன் கொடுப்பதால் மட்டும் வணிகம் வளராது; சரக்கு வரும் வழியும் வாங்குவோர் ஆதரவும் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

சங்கம் வேறு, பாங்கு வேறு

1910இல் பிரௌனின் உண்மைச் சீர்திருத்தக்காரர் பாங்கு வீழ்ந்தது. பிரௌன் அதற்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னரே காலமாகிவிட்டார். பின் வந்தோர், அச்சங்கமே நடத்திய பற்பல தொழில்களுக்குத் தக்க ஈடின்றிப் பாங்கின் பணத்தைக் கடனாக வழங்கினர்; கையாடலும் நிகழ்ந்தது. சங்கத்தின் பெருமைக்காகத் தொடங்கிய தொழில் நஷ்டமடைந்தால், அதனை மூடாது பாங்கின் பணத்தால் தாங்குவது எளிது; யாரும் கேட்பதற்கில்லை. அவ்வெளிமையே அழிவாயிற்று.

இதன்பின் வர்ஜீனியா அரசாங்கம், சங்கமும் பாங்கும் வெவ்வேறாகப் பிரிதல் வேண்டும் என்று விதித்தது. வாக்கர் அம்மையார் தம் பாங்கை 1911இல் சங்கத்தினின்றும் பிரித்துத் தனி நிறுவனமாக்கினார். அரசாங்கப் பரிசோதகர் கணக்கைப் பார்த்தனர், பாங்கு நிலைத்தது. 1929இல் தொடங்கிய பெருமந்தத்தில் எண்ணிறந்த பாங்குகள் மூடப்பட்டபோது, 1930இலும் 1931இலும் நகரத்துக் கருப்பினப் பாங்குகள் வேறிரண்டு இதனோடு இணைந்தன. என் பாங்கு, உன் பாங்கு என்னும் அபிமானத்தை விட்டு ஒன்றுபட்டமையால் மக்களின் பணம் பிழைத்தது. நடக்க இயலாது சக்கர நாற்காலியில் இருந்த நிலையிலும், 1934 டிசம்பரில் மறையும்வரை, அம்மையார் அப்பாங்கின் நிர்வாகக் குழுத் தலைவராய் இருந்தார். 2005இல் வேறொரு நிறுவனத்தின் வசமாகும்வரை, நூறாண்டுக்கு மேல் அது தன் மக்கள் கையிலேயே நடந்தது.

பாங்கினால் ஆகாதவை

இத்தனை சிறப்பிருந்தும், ஒரு சிறு பாங்கு தானே ஒரு சமூகத்தை உயர்த்திவிடும் என்று கருதுதல் பிழை. 1930களில் அமெரிக்க அரசாங்கத்தின் வீட்டுக் கடன் நிறுவனம் நகரங்களின் வரைபடங்களைத் தயாரித்தபோது, கருப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகளைச் சிவப்பு வர்ணத்தாற் குறித்தது. அங்கே கடன் கொடுத்தல் அபாயம் என்பது அதன் பொருள். அம்மையார் வாழ்ந்த ஜாக்சன் வார்டு என்னும் பகுதியும் அவ்வாறே குறிக்கப்பட்டது. 1950களில் அப்பகுதியைப் பிளந்து கொண்டு நெடுஞ்சாலை போடப்பட்டது. பாங்கின் கடனால் மக்கள் உழைத்து வாங்கிய வீடுகளுள் பலவும் இடிபட்டன. சிறு பாங்கு கொடுத்ததைப் பேரரசின் கொள்கை பறித்தது.

1977இல் அந்நாட்டிற் பிறந்த ஒரு சட்டம், எந்தப் பகுதியில் வைப்பு வாங்குகின்றனரோ அப்பகுதியின் எளியோர்க்கும் கடன் கொடுத்தல் பாங்குகளின் கடமை என்று வகுத்தது. நாம் முன்னர்க் குறித்த இரண்டாங் கேள்வியே ஈண்டுச் சட்டமாயிற்று. நம் நாட்டிலும் 1904இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் பிறந்தது. 1921இல் நாடார் சமூகத்தார் தூத்துக்குடியிற் பாங்கு நிறுவினர், அது 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்கு எனப் பெயர் பெற்றது. 1969இல் பதினான்கு பெரிய பாங்குகள் நாட்டுடைமையாயின. தன் முயற்சியும் அரசின் கடமையும் ஆகிய இரு சக்கரங்களாலேயே இவ்வண்டி ஓடுகின்றது.

நமக்குரிய பாடங்கள்

நம் சங்கத்தில் கல்வி நிதி உண்டு. கட்டட நிதியும் உண்டு. இப்பணத்தைச் சங்கமே வட்டிக்கு விட்டால் என்ன, உறுப்பினரிடம் வைப்பு வாங்கினால் என்ன என்று அன்பர்கள் சிலர் கேட்கின்றனர். அவர்களுடைய நோக்கம் நன்றே. ஆயினும் மேற்கூறிய சரித்திரம் இதற்கு விடை கூறுகின்றது. பொதுநிதி ஒன்று, பாங்கு வேறொன்று. அனுமதியின்றி வைப்பு வாங்குதலை 2019ஆம் ஆண்டுச் சட்டமும் தடுக்கின்றது. கடன் உதவி வேண்டின், முறைப்படி பதிவு செய்து, ஆண்டுதோறும் தணிக்கைக்கு உட்படும் கூட்டுறவுக் கடன் சங்கம் அமைத்தலே தக்க வழி. அதன் நிர்வாகஸ்தர்க்கும் அவர்தம் உறவினர்க்கும் கொடுக்கும் கடன் ஒவ்வொன்றும் பொதுக்கூட்டத்தில் வாசிக்கப்படுதல் வேண்டும். குலத்தானாயிற்றே என்னும் தாட்சணியம் கணக்குப் புத்தகத்தினுள் நுழையலாகாது. நுழைந்தால், முதலில் அழிவது ஏழை உறுப்பினன் காசே.

இரண்டாவது, நம் குடும்பத்துப் பெண்கள் சுய உதவிக் குழுக்களிற் சேர்ந்து தவறாது சேமிப்பதைக் காண்கின்றோம். 1992 முதல் இக்குழுக்களுக்குப் பாங்குகள் கடன் கொடுத்து வருகின்றன. அக்குழுவின் கணக்கை எழுதுபவள் நாளை ஒரு பாங்கின் கணக்கையும் எழுத வல்லவளே. அவளுக்கு மேற்படிப்பு வசதி செய்தல் நம் கல்வி நிதியின் கடமையாகும்.

மூன்றாவது, நம் ஊர்ப் பாங்குக் கிளையிற் பணம் போடுவதோடு நில்லாமல், அக்கிளை நம் ஊர்த் தொழிலாளர்க்கும் சிறு வணிகர்க்கும் எவ்வளவு கடன் கொடுத்துள்ளது என்று கேட்டறிதல் வேண்டும். தனியொருவர் கேட்டால் விடை வாராது. சங்கம் கேட்டால் வரும். சங்கம் இருப்பதன் பயன்களுள் இஃதும் ஒன்று.

61,144 பேர் ஏமாந்தது, கொடியையும் உருவப்படத்தையும் பார்த்துக் கணக்கைப் பாராமையால். 31 சென்டு போட்டவர் ஏமாறாதது, அக்கணக்கை ஒருவர் கண்ணும் கருத்துமாய்ப் பார்த்து வந்தமையால். வருகின்ற பொதுக்கூட்டத்தில் நம் சங்கத்தின் ஐந்தொகை வாசிக்கப்படும்போது, உறுப்பினர் யாவரும், சிறப்பாகத் தாய்மார்களும் இளைஞர்களும், தவறாது வந்திருந்து, விளங்காதவற்றைக் கூசாது கேட்டுத் தெளிவார்களாக.